சிவஞானம் அண்ணன் காய்ச்சிய சாரம்

டாக்டர் கேட்டது எப்போதும் கேட்கிற கேள்விதான். ஆஸ்பத்திரி மாத்திரைகளைத் தவிர வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா?

நான் முந்திக்கொண்டேன். ஒன்றுமே இல்லை, காலையும் மாலையும் என் கையால்தான் எடுத்துக் கொடுக்கிறேன் என்று மலாயில் சொன்னேன். வகுப்பறையில் நின்று பழகிய குரல், கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். என் மருமகள் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மறுபடியும் என் கணவர் சேவியரையே பார்த்தார். மேசை மேலிருந்த திரையில் அன்றைய இரத்தப் பரிசோதனை முடிவு இருந்தது. கிரியேட்டினின் என்று ஒன்று உண்டு. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் அது இரத்தத்தில் ஏறும். ஏறியிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை.

சேவியர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் எதையோ மென்றுகொண்டிருந்தார். சில வாரங்களாகவே காலையில் ஏலக்காய் மெல்லும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. வயதான காலத்தில் வாய் மணக்கட்டுமே என்று நானும் விட்டிருந்தேன்.

"கசப்புத் தண்ணி ஒண்ணு குடிக்கிறேன், பிலோ," என்றார்.

தமிழில் சொன்னார். டாக்டருக்குப் புரியக்கூடாது என்பதற்காக அல்ல. அதை அவர் என்னிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

உடம்புக்கு நான் வெளியாள்

இந்தப் பக்கங்களைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குச் சேவியரைத் தெரியும். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர். யாராவது காலை மிதித்தால் அவரே மன்னிப்புக் கேட்பார்.

இரத்த அழுத்தம் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் சத்தமில்லாமல் தின்றுவிட்டது. பிறகு இரத்தம் சுத்திகரிக்கிற மையத்துக்கு வாரத்தில் பாதி நாள் போய்வந்தோம். ஊசி ஏறி ஏறி அவர் இடது கை நரம்பு கயிறு மாதிரி புடைத்துப் போயிருந்தது. எங்கள் ஒரே மகன் டேவிட் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க முன்வந்தான். அவனுக்கு அப்போதே சர்க்கரையின் தொடக்கம் இருந்ததால் வேண்டாம் என்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தது நான்.

எனக்கு எல்லாம் பொருந்தியது. சேவியருக்குத்தான் மனம் பொருந்தவில்லை. அந்தத் தவக்காலம் முழுவதும் என்னோடு அதைப் பற்றிப் பேசவே மறுத்தார். பங்குச் சாமியார் வந்து சொன்னார், டேவிட் போனில் அழுதான், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் மீன் சுத்தம் செய்துகொண்டே நான், "எனக்கு இப்படி ஆயிருந்தா நீங்க தருவீங்களா மாட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் எழுந்து போனார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்.

கோலாலம்பூரில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தச் சிறுநீரகத்துக்கு என் வேலையையே பெயராக வைத்திருந்தார். டீச்சர். உடம்பு எப்படி என்று வீட்டுக்குள் கேட்டால், "டீச்சர் நல்லா வேலை செய்றாங்க," என்பார். வெளி ஆட்களிடம் வாயே திறக்க மாட்டார்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். மாற்றிவைத்த உறுப்பை உடம்பு தன்னுடையது என்று ஏற்றுக்கொள்வதே இல்லை. எத்தனை வருடம் ஆனாலும் அது வெளியாள்தான். உடம்பிலிருக்கும் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டால் வெளியாளைத் துரத்தப் பார்க்கும். அந்தச் சக்தியை அடக்கிவைக்கத்தான் காலையும் மாலையும் தவறாமல் மாத்திரை. முதன்முதலாக இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்து, இன்னமும் அவர் உடம்புக்கு நான் வெளியாள்.

கீழ்வீட்டில் மணத்த கசப்பு

எங்கள் அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் இருந்தவர் சிவஞானம் அண்ணன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காக வந்தவர்கள். இவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் இருக்கும்போதுகூடச் சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருப்பார். என்னைத் தங்கச்சி என்பார். சேவியரும் அவரும் தினமும் காலையில் கடலோரம் நடக்கப் போவார்கள். இருவரும் அதிகம் பேசாதவர்கள் என்பதால் நன்றாக ஒத்துப்போயிற்று.

கொரோனா காலத்தில் எங்கள் பிளாக்கில் வயதானவர்கள் சிலரை இழந்தோம். அண்ணனின் மனைவியும் அதில் ஒருவர். ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றியபோது பார்த்ததுதான் அவர் கடைசியாகப் பார்த்தது. பிறகு பெட்டியைத் தூரத்திலிருந்து காட்டினார்கள்.

தொட்டிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. காலிப் பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி நிலவேம்பு வைத்தார். மலாய்க்காரர்கள் அதை ஹெம்பெடு பூமி என்பார்கள். பூமியின் பித்தம் என்று அர்த்தம். ஒரு இலையைக் கடித்தவர்கள் அந்தப் பெயரைச் சந்தேகப்பட மாட்டார்கள். பக்கத்தில் சீந்தில் கொடி. தண்டெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். அது கம்பியைப் பிடித்து ஏறி மேல்மாடி வரை வந்து எட்டிப் பார்த்தது. துளசிக்கு மட்டும் நல்ல மண்சட்டி.

இலையையும் தண்டையும் நிழலில் காயவைத்து, சிறு தீயில் காய்ச்சி, முதலில் துணியிலும் பிறகு வடிதாளிலும் வடிகட்டுவார். அந்த நீரை இன்னொரு பாத்திரத்துச் சுடுநீரின் மேல் வைத்துப் பாகாகும் வரை வற்றவைப்பார். கண்ணாடிப் புனல், சொட்டு மூடி போட்ட பழுப்பு பாட்டில்கள், எல்லாம் பளபளவென்று இருக்கும். யாராவது கஷாயம் என்று சொன்னால் திருத்துவார். "கஷாயம் இல்லை, இது சாரம்."

வெந்நீரில் சில சொட்டு. வயதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துபோகிறது, இது அதைத் தூக்கி நிறுத்தும் என்பது அவர் நம்பிக்கை. நடைக்கு வருகிற கிழவர்கள் எல்லாருக்கும் கொடுத்தார். காசு வாங்கியதே இல்லை. சளி இருமல் குறைந்தது என்று பலர் சொன்னார்கள். எனக்கும் ஒரு பாட்டில் தந்தார். கசப்பு எனக்கு ஆகாது என்று சொல்லி, சமையலறை ஜன்னலோரம் வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் எங்கள் படிக்கட்டு முழுக்க அந்தக் கசப்பு மணக்கும். கசப்புக்கு மணம் உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு. ஈர மரப்பட்டையும் பழைய மருந்துக்கடையும் கலந்த மாதிரி.

அது கெட்ட மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. மற்றவர்களுக்கு அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. சேவியருக்கு அது கூடாது. அவ்வளவுதான் தெரியும்.

ஏன் குடித்தார்

அன்றே வார்டில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அந்தக் கசப்பு மருந்துதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறவை என்று பெயர் பெற்ற செடிகள், நாங்கள் கொடுக்கும் மாத்திரையின் வேலையையும் கெடுக்கலாம் என்றார். நரம்பு வழியாக மருந்து ஏற்றிப் பார்க்கலாம், காப்பாற்ற முடியும் என்று நினைக்கிறோம் என்றார்.

நினைக்கிறோம் என்ற சொல்லை நான் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

சேவியரிடம் நான் பேசவில்லை. தலையணையைச் சரிசெய்தேன், தண்ணீர் கொடுத்தேன், போர்வையை இழுத்துவிட்டேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனபிறகு அவரே ஆரம்பித்தார்.

"போன மழையில எனக்குச் சளி பிடிச்சிச்சி. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவருக்கு அடிக்கடி சளி பிடிக்கும். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறவருக்கு அது சகஜம். அந்த முறை அவரைப் பார்த்துக்கொண்ட எனக்கும் தொற்றி, நுரையீரல் வரை போய், இதே ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

"உனக்கு இப்ப ஒண்ணுதான் இருக்கு. அதுவும் என்னாலதான். நான் வீட்டுக்கு நோயக் கொண்டாந்துகிட்டே இருந்தா நீ என்னா ஆவுறது? அதான் அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிக் குடிச்சேன். தெம்பா இருந்தா உன்கிட்ட ஒட்டாதுன்னு."

தினமும் நடந்து முடித்து, அண்ணன் வீட்டிலேயே குடித்துவிட்டு, எனக்கு வாடை தெரியாமல் இருக்க ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு மேலே வந்திருக்கிறார். அண்ணனிடம் கிட்னி ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அண்ணன், கல் ஏதோ எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். முழுதாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"பொண்டாட்டி குடுத்ததுலதான் உயிரோட இருக்கேன்னு எப்படி லா சொல்றது?"

அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் எங்கேயோ போயிற்று. ஆனால் பயம் போகவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு, அடுத்த சொட்டு என்று மருந்து இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்வையாளர் நேரம்

பாட்டிலைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அண்ணனுக்குப் போன் செய்து, காரணம் சொல்லாமல், அந்த மருந்தைக் கொண்டுவாருங்கள் என்றேன்.

பார்வையாளர் நேரம் தொடங்கிய கையோடு வந்துவிட்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை. பாட்டிலைத் துண்டில் சுற்றியிருந்தார். டாக்டருக்குச் செடி தெரிய வேண்டுமே என்று நிலவேம்பு ஒரு கொத்தும் சீந்தில் தண்டு ஒரு துண்டும் செய்தித்தாளில் மடித்து எடுத்து வந்திருந்தார். தன் சாரத்தைப் பற்றிப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் விசாரிக்கிறார் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. முகத்தில் தெரிந்தது. எனக்குப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் வந்ததும் எழுந்து நின்று ஆங்கிலத்தில் விளக்கினார். எந்தச் செடி, எந்தப் பாகம், எப்படிக் காய்ச்சியது, எப்படி வடித்தது. அந்தப் பெண் பொறுமையாக, ஒரு பாடம் கேட்பது போலக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். மற்ற வயதானவர்களைப் பற்றி நான் பேசவில்லை, அங்கிள். இவருக்கு நாங்கள் எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே அடக்கிவைத்திருக்கிறோம். இவருக்குள் இருக்கும் சிறுநீரகம் இவருடையது அல்ல.

அண்ணன் சேவியரைப் பார்த்தார். தமிழுக்கு மாறினார். "அப்ப அது ஆருடைய கிட்னி?"

சேவியர் மருந்து ஏறிக்கொண்டிருந்த கையைத் தூக்கி என்னைக் காட்டினார்.

அண்ணன் கையிலிருந்த செய்தித்தாள் மடிப்பைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நான் நல்லதுக்குத்தான் குடுத்தனான், தங்கச்சி."

"தெரியும்ண்ணே."

"நல்லதுக்குத்தான்," என்று மறுபடியும் சொன்னார். என்னிடம் சொல்வது போல இல்லை. அவர் போனபிறகு பார்த்தேன், செடிகள் கட்டில் ஓரத்திலேயே கிடந்தன. சாயந்திரம் கூட்டுகிற அம்மா வந்து எடுத்துக்கொண்டு போனார்.

இறங்கிய எண்

எண் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் இரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். நர்ஸ் மிஸ்ஸி திரும்பி வருகிற நடையைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். ஒரு காலை அவள் வாசலிலேயே நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

பழைய அளவுக்கு அது திரும்பவில்லை. ஒரு படி மேலேயே நின்றுவிட்டது. இந்தச் சிறுநீரகம் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஓடும் என்றார் டாக்டர். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

வீடு திரும்பியபோது கீழ்த்தளத்தில் பெயிண்ட் வாளிகள் இல்லை. சீந்தில் கொடி இருந்த கம்பியில் பச்சைத் தடம் மட்டும் ஒட்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா விஷயத்தைச் சொன்னார். அண்ணன் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பாட்டிலைத் திரும்ப வாங்கியிருக்கிறார். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், டாக்டரைக் கேட்டீர்களா என்று விசாரித்திருக்கிறார். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

போன் செய்தால் மகள்தான் எடுப்பாள். அப்பா குளிக்கிறார், அப்பா தூங்குகிறார். சேவியர் காலை நடையை நிறுத்திவிட்டார். தனியாகப் போகச் சொன்னால், செருப்பை மாட்டி, வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடுவார். சில மாதம் இப்படியே ஓடியது. கிறிஸ்மஸுக்குப் பலகாரம் கொடுத்தனுப்ப எங்களுக்குக் கீழே ஆள் இல்லாமல் போனது அந்த வருடம்தான்.

புக்கிட் மெர்தாஜாமில்

ஒரு சனிக்கிழமை காலையில் சேவியர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, "போய்ப் பாத்துட்டு வந்துடலாம் லா," என்றார். எங்கள் தீவிலிருந்து ஃபெரியில் அக்கரைக்குப் போய், அங்கிருந்து ரயில் பிடித்தோம். கடல் காற்றில் அவர் முகக்கவசம் உப்பிச் சுருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இருமினால் அவரை மறைத்துக்கொண்டு நான் நின்றேன்.

அண்ணன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார். சட்டை போட்டுக்கொள்ள ஒரு மனிதனுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. மகள் சங்கடத்தோடு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். கடைசியில் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்து, எங்களுக்குப் பக்கத்தில் உட்காராமல் வாசல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தனக்குச் சளி ஒன்றும் இல்லை, ஆனாலும் சேவியருக்கு எதுவும் ஒட்டிவிடக் கூடாதே என்றார்.

சேவியர் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேசினார்.

"அண்ணே, முழுசா சொல்லாதது நான். அதுக்கு நீங்க எதுக்கு ஊரை விட்டு வந்தீங்க?"

"கேக்காமல் குடுத்தது நானல்லோ," என்றார் அண்ணன். "மனுசிக்கு ஒண்டும் குடுக்க முடியாமல் போச்சு. அதால மற்ற ஆக்களுக்கெல்லாம் குடுத்துக்கொண்டு திரிஞ்சன்."

மனைவியைப் பற்றி அவர் எங்களிடம் பேசியது அதுதான் முதல் தடவை. மகள் சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அதை எடுக்கேக்க நொந்ததோ?"

ஆபரேஷன் முடிந்து இத்தனை வருடத்தில் சேவியரின் நலத்தைத்தான் எல்லாரும் விசாரித்திருக்கிறார்கள். டாக்டர்கள் காயம் ஆறிவிட்டதா என்று பார்த்தார்கள். டேவிட், அம்மா நீ கிரேட் என்றான். கோயிலில் எனக்கு மாலை போட்டார்கள். இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஒன்றும் இல்லை அண்ணே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"வலிச்சிச்சிண்ணே. ரொம்ப நாள் வலிச்சிச்சி. இருமினா, சிரிச்சா, குனிஞ்சா. குளிர்ற நாள்ல இப்பவும் தெரியும்."

சேவியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்.

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

அவர், அண்ணனும் மகளும் அங்கே இருப்பதையே மறந்தவர் போல, சொன்னார்.

"கேட்டு, வலிச்சிச்சின்னு நீ சொன்னா, திருப்பிக் குடுக்க முடியாதே. அதான் கேக்கல."

அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேவியரின் கை என் இடுப்புக்குப் பின்னால், தழும்பு இருக்கிற பக்கமாக மெல்ல வந்து, சேலைக்கு மேலே அப்படியே நின்றது. நாங்கள் கிளம்புகிற வரைக்கும் அவர் அதை எடுக்கவில்லை.